மூன்று ஆல்டர்னேட்டரைத் தின்ற ஹோஸ் துண்டு

சென்ற ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் இருக்கும் எங்கள் வண்டி வயரிங் கடைக்கு ஒரு நிசான் உர்வான் வேன் வந்தது. டீசல் வண்டி, டிடி27 எஞ்சின். அதை ஓட்டும் அண்ணன் விடிவதற்கு முன்பே புக்கிட் மெர்தாஜாமிலும் பிறையிலும் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு, பினாங்கு பாலத்தைத் தாண்டி, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இறக்குவார். மாலையில் திரும்பக் கூட்டி வருவார். பதினொரு பேரின் வேலை நேரம் அந்த ஒரு வண்டியை நம்பி இருக்கிறது.

"தம்பி, இது மூனாவது ஆல்டர்னேட்டர். மறுபடியும் பேட்டரி லைட்டு லேசா எரியுது. இந்த ரீகண்டிஷன் சாமானே வேணாம்பா. எவ்வளவு வெள்ளி ஆனாலும் பரவால்ல, புதுசு ஒன்னு போட்டுக் குடு" என்றார்.

எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரியைச் சார்ஜ் செய்வதுதான் ஆல்டர்னேட்டர். பழையதைப் பழுது பார்த்து மறுபடி விற்றால் அது ரீகண்டிஷன். அவர் சொன்னபடி அன்று புதிதாக ஒன்றைப் போட்டிருந்தால் அதுவும் ஒன்றிரண்டு மாதத்தில் செத்திருக்கும். ரீகண்டிஷன் சாமான் மீது பழியைப் போடுவது நம் தொழிலில் மிகவும் சுலபம். வண்டி பழுது பார்க்கும் போமனும் அதைச் சொல்வார், வண்டிக்காரரும் நம்புவார். முந்தைய சாமான் ஏன் செத்தது என்று யாரும் கேட்காமல் அடுத்ததை மாட்டிவிடுகிறோம். இந்த வண்டியில் நான்கு பேர் அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறினோம். அந்த நால்வரில் நானும் ஒருவன் என்பதால்தான் இதை முழுதாக எழுதுகிறேன்.

வண்டியோடு வந்த பழைய ஆல்டர்னேட்டர் பதினான்கு வருடம் ஓடியிருக்கிறது. மே மாதம் அது நின்றது. ஒரு கடையில் ரீகண்டிஷன் போட்டார்கள். இரண்டு மாதம் வந்தது. வாரண்டியில் இன்னொன்று கொடுத்தார்கள், ஐந்து வாரம். அப்புறம் வேறு கடை, வேறு ரீகண்டிஷன். அதுதான் நான்கு வாரத்தில் என்னிடம் வந்திருந்தது. நடுவில் இரண்டு பேட்டரியும் வாங்கிவிட்டார்.

பேசப் பேச இன்னும் சில விஷயங்கள் வெளியே வந்தன. வண்டி திங்கட்கிழமை காலையில் மட்டும்தான் ஸ்டார்ட் ஆகாது, மற்ற நாளில் பிரச்சினை இல்லை. எஞ்சின் ஆயில் மாதம் அரை லிட்டருக்கு மேல் குறைகிறது. காலையில் எஞ்சின் பக்கம் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டு, சூடானதும் அடங்குகிறது. கடைசியாக, இறங்கிப் போகும்போது, பிரேக் கொஞ்சம் கட்டையாக இருக்கிறது, மிதிக்கும் காலுக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டரை மாற்றவேண்டும் என்று ஒருவர் சொன்னார் என்றார். இந்த நான்கையும் அன்றே ஒரே கயிற்றில் கோத்திருந்தால் நான் இரண்டாம் முறை வேலை செய்திருக்க வேண்டியதில்லை. கடைசி இரண்டையும் வேறு பிரச்சினை என்று ஒதுக்கிவிட்டேன்.

முந்தைய கடையில் எப்படிச் சோதித்தார்கள் என்று கேட்டேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றினார்களாம். எஞ்சின் நிற்கவில்லை, அதனால் ஆல்டர்னேட்டர் நல்லது என்று சொன்னார்களாம். தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைப் பிரித்தால் அந்த மின்சாரம் போக இடமில்லாமல் வோல்ட் ஒரு கணத்தில் பல மடங்கு எகிறும். வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், டயோடு, ரேடியோ, எது பலவீனமோ அது போகும். அதோடு, பழைய வகை டீசல் எஞ்சினில் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது, பம்ப் முழுக்க மெக்கானிக்கல். டீசலைத் திறந்து வைத்திருக்கும் அந்தச் சின்ன சோலனாய்டுக்குக் கொஞ்சம் கரண்ட் கிடைத்தால் போதும், அரை உயிரோடு இருக்கும் ஆல்டர்னேட்டரிலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்.

சரி, மீட்டருக்கு வருவோம். எஞ்சின் நிறுத்திய நிலையில் பேட்டரி 12.1 வோல்ட் காட்டியது. நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி என்றால் 12.6 இருக்கவேண்டும், இது ஏறக்குறைய பாதிச் சார்ஜ்தான். எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட், ஏர்கான், பின் பக்க புளோவர் எல்லாவற்றையும் போட்டால் 12.6தான். வேகத்தை ஏற்றினாலும் 13.3ஐத் தாண்டவில்லை. 13.8க்கும் 14.5க்கும் இடையில் நின்றிருக்க வேண்டும்.

அடுத்து மீட்டரை மாறுமின்னோட்ட அளவுக்குத் திருப்பி அதே பேட்டரி முனைகளில் வைத்தேன். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் நான் பார்த்த பல கடைகளில் செய்வதே இல்லை. ஆல்டர்னேட்டர் உள்ளே உற்பத்தி செய்வது மாறுமின்னோட்டம். டயோடுகள்தான் அதை நேர்மின்னோட்டமாக்கி வெளியே விடுகின்றன. டயோடு எல்லாம் நன்றாக இருந்தால் வெளியே வரும் அலை ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கும். இங்கே 0.9 காட்டியது. டயோடு போய்விட்டது. விளக்கு முழுதாக எரியாமல் மங்கலாக எரிந்ததற்கும் அதுதான் காரணம்.

திங்கட்கிழமைக் கதையும் இங்கேயே தெளிவானது. சாவியை எடுத்துவிட்டு, கதவை மூடி, பேட்டரி நெகட்டிவ் வயரில் அம்மீட்டரைத் தொடராக வைத்தேன். 0.8 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் பெரிய பி வயரைக் கழற்றியதும் 0.03க்கு இறங்கிவிட்டது. கெட்ட டயோடு வழியாக பேட்டரி இரவு பகலாக ஒழுகிக்கொண்டிருந்தது. வார நாளில் இரவு எட்டு ஒன்பது மணி நேரம், சமாளிக்கும். சனி மாலை நிறுத்தி திங்கள் விடியற்காலை எடுத்தால் முப்பத்து நான்கு மணி நேரம், கிட்டத்தட்ட 27 ஆம்பியர் மணி. 70 ஆம்பியர் மணி பேட்டரி பாதிச் சார்ஜில் நின்றிருந்தால், டீசல் எஞ்சினின் குளோ பிளக்கையும் சூடாக்கி, ஸ்டார்ட்டரையும் சுற்ற அதில் என்ன மிச்சம் இருக்கும்? பேட்டரி மீது தவறே இல்லை. வண்டிக்காரர் இரண்டு நல்ல பேட்டரிக்குக் காசு கொடுத்துவிட்டார்.

எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே போகும் எர்த் வயர் பாதி அறுந்து கிடந்தது. லோடு போட்டால் அதிலேயே 0.45 வோல்ட் விழுந்தது. அதை மாற்றினேன். அதுதான் மூலக் காரணம் என்று ஒரு மணி நேரம் நம்பவும் செய்தேன்.

உர்வானில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, ஆல்டர்னேட்டரைக் கீழே இறக்கினோம். இந்த எஞ்சினின் ஆல்டர்னேட்டர் சாதாரண பெட்ரோல் கார் ஆல்டர்னேட்டர் மாதிரி இல்லை. அதன் முதுகில் ஒரு வேக்கம் பம்ப், அதாவது காற்றை உறிஞ்சும் பம்ப், உட்கார்ந்திருக்கும். பெட்ரோல் எஞ்சினில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய உறிஞ்சலை இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். டீசலில் அது கிடைக்காது, அதனால் தனி பம்ப். ஆல்டர்னேட்டர் தண்டுதான் அந்தப் பம்பையும் சுற்றுகிறது. எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக ஆயில் அழுத்தத்தோடு பம்புக்குள் வரும். உள்ளே வேலையை முடித்துக்கொண்டு, உறிஞ்சிய காற்றோடு சேர்ந்து, ஒரு தடித்த ஹோஸ் வழியாக ஆயில் தொட்டிக்குத் திரும்பிப் போகும். பம்புக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ஆயில் சீல்.

ஆல்டர்னேட்டரைச் சாய்த்ததும் பின் பக்கக் காற்றுத் துளைகளிலிருந்து கறுப்பு ஆயில் மேசையில் வழிந்தது. சுற்றும் ரோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்கள் இருக்கும் பெட்டியைக் கழற்றினேன். கார்பன் பொடியும் ஆயிலும் குழைந்து, கண்மை மாதிரி ஒரு பசை. விரலால் எடுத்துத் தேய்த்தால் நரநரவென்றது. ஒரு பிரஷ் அந்தப் பசையில் ஒட்டிக்கொண்டு ஸ்பிரிங் தள்ளியும் வெளியே வரவில்லை. பிரஷ் உரசும் ஸ்லிப் ரிங்கில் இரண்டு பள்ளம்; நகத்தை வைத்தால் மாட்டியது. அந்தப் பள்ளம் நான்கு வாரத்தில் வந்திருக்க முடியாது. யாரோ இதைக் கழுவி, வெள்ளி பெயிண்ட் அடித்து, புது பிரஷ் மட்டும் போட்டு விற்றிருக்கிறார்கள். முன் பேரிங்கை வெறும் கையால் சுற்றினால் மணல் அரைப்பது போல ஒரு சத்தம்.

ஆக ரீகண்டிஷன் மோசமானது என்பதும் உண்மைதான். ஆனால் பெயிண்ட் அடித்த மோசமான சாமான்கூட ஆயில் குளிக்காமல் இருந்திருந்தால் ஆறு மாதமாவது ஓடியிருக்கும்.

அதை முழுதாக நாமே கட்டுவது என்று முடிவு செய்தேன். புதுசுக்கு ஆகும் காசில் பாதிகூட ஆகாது என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் என்னை நம்பினார். ரோட்டர் சுருளின் மின்தடை 3.1 ஓம், நல்ல அளவு. ரோட்டர், அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஸ்டேட்டர் இரண்டிலும் இரும்புக்கு மின்கசிவு இல்லை. ரோட்டரை ஜெலுத்தோங்கில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரின் லேத்துக்கு எடுத்துப் போனேன். நாற்பது வருடமாக இதையே செய்கிற சீனத் தவுக்கே, அதாவது முதலாளி. பள்ளம் மறையும் அளவுக்குச் சீவி, மெல்லிய எமரித் தாளை ஒரு சுற்று பிடித்துக் கொடுத்தார். முன் பின் இரண்டு பேரிங், டயோடு தட்டு, ரெகுலேட்டர், பிரஷ் எல்லாம் புதிது. பம்பைத் திறந்து தகடுகளை அளந்தேன். தேய்மானம் அளவுக்குள் இருந்தது. ஓ ரிங்கும் ஆயில் சீலும் புதிதாகப் போட்டேன். சீல் தேய்ந்துதான் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

மாட்டிப் பார்த்தபோது 14.2 வோல்ட். அண்ணன் சந்தோஷமாகப் போனார். ஒரு வாரம் கழித்துக் காட்டச் சொன்னேன். ஐந்தாம் நாளே வந்து நின்றார். சார்ஜ் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சீட்டைத் தூக்கி டார்ச் அடித்தால் ஆல்டர்னேட்டரின் பின் மூடியில் ஈரம். நான் என் கையால் துடைத்து மாட்டிய மூடி, என் கையால் அழுத்திய சீல். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சீலைத் தலைகீழாகப் போட்டேனா, உதட்டைக் கீறினேனா என்று திரும்பத் திரும்ப யோசித்தேன்.

காலையில் வேறு விதமாக யோசித்தேன். பதினான்கு வருடம் தாங்கிய இடத்தில் இப்போது நான்கு சீல் வரிசையாகத் தோற்கிறதென்றால் தோற்பது சீல் இல்லை. அது தடுக்க வேண்டியது தெறிக்கும் ஆயிலைத்தான். அழுத்தத்தைத் தாங்க அது செய்யப்படவில்லை. அழுத்தம் எப்போது வரும்? உள்ளே வரும் ஆயில் வெளியே போக முடியாதபோது.

திரும்பும் ஹோஸைப் பார்த்தேன். அந்த எஞ்சினைச் சுற்றி இருந்ததிலேயே மிகவும் புதிதாகத் தெரிந்தது அதுதான். கறுகறுவென்று, வெடிப்பு இல்லாமல், இரண்டு பக்கமும் பளபளக்கும் கிளிப். எங்கேயும் மடங்கவில்லை. நானும் எனக்கு முன் வந்தவர்களும் அதைச் சந்தேகிக்காததற்குக் காரணம் அந்தப் புதுமைதான். வெடித்துப்போன பழைய ஹோஸாக இருந்திருந்தால் முதல் நாளே கை அங்கே போயிருக்கும்.

ஹோஸின் கீழ் முனையை ஆயில் தொட்டியிலிருந்து கழற்றி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் விட்டேன். தொட்டிப் பக்கத் துளையை அடைத்துவிட்டு, பையனை எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். சீராக வழிய வேண்டிய ஆயில் சொட்டுச் சொட்டாக வந்தது. ஒரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி இருக்குமோ என்னவோ. எஞ்சினை நிறுத்திவிட்டு மேல் முனையை உருவினேன். பம்புக்குள் தேங்கி நின்ற ஆயில் குபுக்கென்று என் முழங்கை வரை வழிந்தது.

ஹோஸின் முனையில் ஒரு சிறு துண்டை வெட்டி, அதை நீளவாக்கில் கத்தியால் பிளந்தேன். சுவர் ஊறிப்போய், தொட்டால் வெந்த கணவாய் மாதிரி கொழகொழவென்று இருந்தது. மேலே துணி வலை இறுக்கிப் பிடித்திருந்ததால் வெளியே வீங்க வழியில்லை. வீக்கம் முழுதும் உள் பக்கம் வந்திருக்கிறது. பென்சில் தாராளமாகப் போகவேண்டிய துளையில் ஊதுபத்திக் குச்சிதான் போனது. வெளிச் சுவரில் அழியாமல் இருந்த எழுத்துகளைத் துடைத்துப் படித்தால், அது தண்ணீர் ஹோஸ். ரேடியேட்டர், ஹீட்டர் வேலைக்கானது.

அண்ணனைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். மார்ச் மாதத்தில் அந்த இடத்தில் ஆயில் கசிந்தது, ஒரு ஒர்க்‌ஷாப்பில் கையில் இருந்த ஹோஸை வெட்டி மாட்டிக் கொடுத்தார்கள், பத்து வெள்ளிதான் வாங்கினார்கள் என்றார். அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் வண்டியோடு வந்த ஆல்டர்னேட்டர் செத்தது.

ஹோஸ் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். தண்ணீர் ஹோஸ்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பரில் செய்யப்படுகின்றன. கொதிக்கும் தண்ணீரையும் கூலண்டையும் அது வருடக்கணக்கில் தாங்கும். எஞ்சின் ஆயிலை அது தாங்காது. ஊறும், வீங்கும், மெத்தென்று ஆகும். ஆயிலுக்கு நைட்ரைல் ரப்பர் வேண்டும். இரண்டையும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிட்டால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. மேலே உள்ள எழுத்தைத்தான் படிக்கவேண்டும்.

இப்போது எல்லாம் ஒரே கயிற்றில் கோத்துக்கொண்டன. ஆயில் தேங்கியதால் சீல் வழியாக ஆல்டர்னேட்டருக்குள் போனது. பிரஷ் ஒட்டியது, ஸ்லிப் ரிங் கருகியது, ஆயிலும் கரியும் பூசிய டயோடு தட்டு காற்றோட்டமின்றிச் சூடேறிச் செத்தது. உள்ளே போன ஆயில் விசிறியில் தெறித்து வெளியேறியதால் எஞ்சின் ஆயில் குறைந்தது. விடியற்காலைச் சத்தம், கெட்டியான குளிர்ந்த ஆயில் நிரம்பிய பம்பில் தகடுகள் அடித்துக்கொண்ட சத்தம்.

பிரேக்? அதுதான் என்னை உண்மையில் பயமுறுத்தியது. பம்ப் உறிஞ்சிய காற்றும் அதே ஹோஸ் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வழி அடைந்தால் உறிஞ்சல் குறையும். பழைய ஹோஸைத் திரும்ப மாட்டி வேக்கம் மீட்டரை வைத்துப் பார்த்தேன்: 18 அங்குல பாதரசம். புதிய நைட்ரைல் ஹோஸைப் போட்டுப் பார்த்தேன்: 27. இந்த வேன் பதினொரு பேரோடு ஏழு மாதம் பாலத்தில் போய் வந்திருக்கிறது. தரையிலும் கடலிலுமாக 13.5 கிலோமீட்டர், மழை நாளில் விடியற்காலை இருட்டு, இருபுறமும் லாரியும் மோட்டார் சைக்கிளும். அங்கே அவசரமாகக் கால் வைத்தபோது பூஸ்டர் குறைந்த பலத்தோடுதான் உதவியிருக்கும்.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். எஞ்சினை நிறுத்தி, பிரேக் மிதி கெட்டியாகும் வரை நான்கைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி லேசாகக் கீழே இறங்கவேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டரை மாற்றும் முன் வேக்கத்தை அளக்கச் சொல்லுங்கள். அண்ணன் பூஸ்டர் வாங்கியிருந்தால் அந்தக் காசும் கடலில் போட்டதுதான்.

ஆல்டர்னேட்டரை மறுபடி இறக்கி, கழுவி, ஐந்து நாளான சீலைத் தூக்கிப்போட்டு இன்னொன்று அழுத்தினேன். பிரஷ் நல்ல நேரமாகக் கெடவில்லை. இந்த இரண்டாம் வேலைக்கு நான் காசு வாங்கவில்லை. முதல் முறையே பாட்டிலை வைத்துப் பார்த்திருக்க வேண்டியது என் பொறுப்பு. பேட்டரி முனையில் 14.2, எல்லா லோடும் போட்டால் 13.9, அலை 0.04, பி வயரில் விழும் வோல்ட் 0.15. இந்த எண்களை ஒரு அட்டையில் எழுதி டாஷ்போர்டுக்குள் வைத்துக் கொடுத்தேன். அடுத்து எந்தக் கடைக்குப் போனாலும் எதோடு ஒப்பிடுவது என்று தெரியவேண்டும் அல்லவா.

ரீகண்டிஷன் வாங்கலாமா என்று அண்ணன் இன்னும் கேட்கிறார். தாராளமாக வாங்கலாம் என்றுதான் சொல்கிறேன். இந்த வயது வண்டிகளுக்கு நம் ஊரில் புதிதாகக் கிடைப்பதில் எல்லாமே நல்ல சரக்கு என்றும் சொல்ல முடியாது. ஆனால் வாங்கும்போது தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், பேரிங் பேசும். ஸ்லிப் ரிங்கைக் காட்டச் சொல்லுங்கள். எந்தெந்தச் சாமான் புதிதாகப் போட்டீர்கள் என்று கேளுங்கள். வேலை செய்தவருக்கு அதற்குப் பதில் தயாராக இருக்கும். உங்கள் பழையதை வாங்கிக்கொண்டு விலை குறைப்பார்கள், சரி, ஆனால் கொடுக்கும் முன் அதை ஒரு முறை சாய்த்துப் பாருங்கள். என்னிடம் வந்த அந்த மூன்றாவது ஆல்டர்னேட்டர் சாய்த்த உடனேயே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. முதல் இரண்டும் அதையேதான் சொல்லியிருக்கும், யாரும் சாய்க்கவில்லை.

தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் அண்ணன் மறுபடி வந்தார். சீட்டைத் தூக்கினோம். பின் மூடி காய்ந்திருந்தது, டார்ச் வெளிச்சத்தில் தூசிதான் தெரிந்தது. ஆயில் குறியும் இறங்கவில்லை. அவருக்குப் பின்னால் இன்னொரு உர்வான் நின்றது. அதே பாதையில் ஓடும் அவருடைய நண்பரின் வண்டி. அதே ஒர்க்‌ஷாப்பில்தான் அவரும் வண்டி வேலையைக் கொடுப்பாராம். பேட்டரி விளக்கு எரியவில்லை, வண்டியில் ஒரு குறையும் இல்லை, சும்மா ஹோஸை மட்டும் பார்க்கச் சொன்னார். துடைத்து, எழுத்தைப் படித்தேன். தண்ணீர் ஹோஸ். கழற்றி உள்ளே பென்சிலை விட்டேன், முனை மட்டும் போய் நின்றுவிட்டது. பையனை நைட்ரைல் ஹோஸ் வாங்கிவர அனுப்பினேன்.